பெருக்கல் குறி

காலபான் துறைமுகத்தில் மூன்றாம் நாளாகக் கப்பல் இல்லை.
காவல்படைக்காரர் கரும்பலகையில்
‘இன்று இல்லை’ என்பதை அப்படியே விட்டுவிட்டுத்
தேதியை மட்டும் அழித்து எழுதுகிறார்.

என் சாப்பாட்டுக்கடை முன்னால் நாற்பத்தொரு லாரி.
ஒன்பதில் பன்றி. இரண்டில் வாழைக்காய்.
மற்றதெல்லாம் கலமான்சி.
சாக்குக்குள் நெருக்கியடித்துக்கொண்டு
மணிலாவுக்குக் கிளம்பிய பச்சைக் கோலிக்குண்டுகள்
நின்ற இடத்திலேயே மஞ்சளாகிக்கொண்டிருக்கின்றன.

எலுமிச்சையா என்றால் இல்லை.
ஆரஞ்சா என்றால் அதுவும் இல்லை.
தோல் இனிக்கும், உள்ளே பல் கூசும்.
ஒரு பக்கம் கமலா,
மறுபக்கம் தோலோடு தின்கிற கும்குவாட்.
வேளாண் கல்லூரிப் பையன் ஒருவன்,
அவனும் கப்பலுக்குக் காத்திருப்பவன்தான்,
அதன் லத்தீன் பெயரை என் ரசீதின் பின்புறம் எழுதினான்.
நடுவே ஒரு பெருக்கல் குறி.
“கலப்பு என்பதற்கு அடையாளம், அக்கா.”

என் பெயர் லுஸ்விமிந்தா.
லூசோனில் கொஞ்சம், விசயாசில் கொஞ்சம்,
மிந்தனாவோவில் மிச்சம்,
மூன்று தீவைக் கிள்ளி
அப்பா ஒட்டுக்கட்டிய பெயர்.
எனக்கு யாரும் குறி போடவில்லை.

டெலஸ்ஃபோரோவின் போனில் முதலாளி கத்துவது
அடுப்படி வரை கேட்டது.
கிலோ நாலு பிசோவாம்.
கொட்டிவிடு. சாக்கை மட்டும் பத்திரமாகக் கொண்டுவா.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
அவன் லாரியைச் சுற்றி இரண்டு முறை நடந்தான்.
பிறகு ஒரு மூட்டையைக் காலாலேயே தள்ளித் தள்ளி
என் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தி,
“இங்கே கொட்டலாமா?” என்றான்.

நடுவில் வெட்டாதே என்றேன்.
விதை அறுபட்டால் கசக்கும்.
காம்புப் பக்கம் தொப்பியை மட்டும் சீவு.

இஞ்சி மணக்கும் கோழிக்கஞ்சிக்கு ஒன்று, தலைக்கு.
பன்சித்தின் மேல் பிழியாவிட்டால்
அது வெறும் நூல்கண்டு.
சோயாவில் பிழிந்து, ஊசிமிளகாய் நசுக்கினால்
பொரித்த மீன் மறுபடி நீந்தும்.
வஞ்சிரத்தைத் துண்டுபோட்டு அதில் ஊறவிட்டேன்.
தீயே இல்லாமல் ஓரத்திலிருந்து வெள்ளையாகி
வெந்துகொண்டே வருவதைப்
பன்றி லாரிக்காரர்கள் குனிந்து பார்த்தார்கள்.
பிழிந்த சக்கையால் கை கழுவினார்கள்.
மூன்று நாளில் முதல்முறையாக
அவர்கள் பக்கத்தில் உட்கார முடிந்தது.

இரவு மின்சாரம் போனது.
யாரோ இருமினார், வெந்நீரில் தேனோடு இரண்டு பழம்.
இன்னும் யாரோ இருமினார்,
அது தேனுக்கான இருமல் என்று தெரிந்தும் கொடுத்தேன்.
என் விரலிடுக்கில் இருந்த ஒவ்வொரு கீறலையும்
சாறு தேடிப்பிடித்து எரிந்தது.
இத்தனை காயம் இருக்கிறதென்று
எனக்கே அப்போதுதான் தெரியும்.

மீதியை என்ன செய்ய?
தோலை இரண்டு முறை வேகவைத்துக் கசப்பை வடித்து,
கரியடுப்பில் சர்க்கரைப் பாகு.
சர்க்கரை தீர்ந்தது. வாழைக்காய்க்காரர்
எங்கிருந்தோ அரை மூட்டை கொண்டுவந்தார்.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
விடியும்போது ஜாம் முப்பத்தாறு பாட்டில்,
காலியான கெட்சப் பாட்டில்கள், ஊறுகாய் ஜாடி,
ஒரு மருந்துப் புட்டியும் உண்டு.

பலகையை முழுதாகத் துடைத்தார்கள்.
கால் மணி நேரத்தில் திடல் காலி.
டெலஸ்ஃபோரோ
மடித்த சாக்குகளை எண்ணி அடுக்கிக்கொண்டு போனான்.
கைகாட்ட நினைத்தானோ என்னவோ,
கியர் மாற்ற வேண்டியிருந்தது.

பாட்டிலில் பெயர் எழுதச் சீட்டு இல்லை.
ஒவ்வொரு மூடியிலும் கரியால் ஒரு × போட்டேன்.
பலகைக்காரர் வந்தார்.
“ஏன், கெட்டுப்போனதா?”
விரலால் தொட்டு நக்கினார். யோசித்தார்.
இரண்டு எடுத்துக்கொண்டார்.
ஒன்றுக்குக் காசு பாக்கி.